கைத்துப்பாக்கிக்கு எந்தக் கையுறை? வெறுங்கை முதல் பனிக்கால உறை வரை ஓர் ஒப்பீடு

கைத்துப்பாக்கிப் பயிற்சிக்கென்று கையுறை தேடி ஓர் அமெரிக்கக் கடைக்குள் நுழைபவர், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல வகைகளை ஒரே வரிசையில் பார்க்க நேரிடும். வாகனப் பழுதுபார்ப்போருக்கான மெல்லிய செயற்கைத் துணி உறை, ஆட்டுத்தோல் உறை, மான்தோல் உறை, விரல்நுனி இல்லாத அரைக் கையுறை, உள்ளங்கையில் ஜெல் பொதிந்தது, தீயைத் தாங்கும் நோமெக்ஸ் துணியில் விமானிகளுக்கெனச் செய்த உறை, பனிக்காலத் தடித்த உறை என எல்லாமே அங்கே இருக்கும். விலையை வைத்தோ தோற்றத்தை வைத்தோ இவற்றை ஒப்பிடுவதில் பயனில்லை. ஆள்காட்டி விரலின் நுனிக்கும் துப்பாக்கியின் விசைக்கும் இடையே ஒரு கையுறை எவ்வளவு பொருளைக் கொண்டுவந்து வைக்கிறது என்பதையே நான் முதல் அளவுகோலாகக் கொள்கிறேன். அதில் தேறாத உறை வேறு எதில் சிறந்திருந்தாலும் கைத்துப்பாக்கிக்கு ஆகாது.

அந்த அளவுகோலின்படி முதலிடம் வெறுங்கைக்குத்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு அணிப் போட்டியில் வெண்கலம் வென்றதையும், அதே போட்டியில் துருக்கியின் யூசுஃப் டிகேச் ஒரு கையைக் கால்சட்டைப் பையில் வைத்தபடி சுட்டு வெள்ளி வென்றதையும் பார்த்தவர்களுக்கு, அவர்கள் யாரும் துப்பாக்கி பிடித்த கையில் உறை அணிந்திருக்கவில்லை என்பது நினைவிருக்கும். அந்தப் போட்டியில் விசையை இழுக்கத் தேவைப்படும் எடை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும் என்பது விதி. அவ்வளவு இலகுவான விசை எந்தப் புள்ளியில் விடுபடும் என்பதைத் தோலால்தான் உணர முடியும். மேலும், அங்கே பிடி மரத்தில் செதுக்கப்பட்டு, சுடுபவரின் கைக்கு ஏற்ப இழைத்துச் சரிசெய்யப்படுகிறது. அப்படிப் பொருந்திய பிடிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே துணியையோ தோலையோ நுழைப்பது அந்த உழைப்பையெல்லாம் வீணாக்கிவிடும். ஆகவே ஏர் பிஸ்டல் பழகுகிறவர்கள் இந்த அலசலின் மீதிப் பகுதியைத் தங்களுக்கானதாகக் கொள்ள வேண்டியதில்லை.

9 மில்லிமீட்டர் தோட்டா சுடும் பிஸ்டல்களிலும் கனத்த ரிவால்வர்களிலும் நிலைமை வேறு. வால்தர் பிபிகே போன்ற சிறிய பிஸ்டல்களில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதையைப் பின்னோக்கி வரும் ஸ்லைடு (பிஸ்டலின் நகரும் மேற்பகுதி) கீறிவிடுவதுண்டு. பழைய பிரவுனிங் ஹை-பவரில் சுத்தியல் அதே சதையைக் கிள்ளும். 1911 வகைப் பிஸ்டல்களின் பிடியில் முன்பக்கத்தில் அங்குலத்துக்கு 25 கோடு என்ற கணக்கில் வெட்டப்படும் கட்டங்கள், பகல் முழுவதும் சுட்டால் விரலின் தோலைத் தேய்த்துவிடும். இவற்றுக்கெல்லாம் கையுறை ஒரு தீர்வுதான், ஆனால் ஒரே தீர்வு அல்ல. சதை கிழிபடும் இடத்தில் மட்டும் மருத்துவ ஒட்டுப்பட்டை போடுவதும், வியர்வை வழுக்கலுக்கு விளையாட்டு வீரர்கள் பூசும் திரவச் சாக்பொடியைப் பூசிக்கொள்வதும் விரல்நுனியின் உணர்வை அப்படியே காப்பாற்றும். அமெரிக்காவின் வேகச் சுடுதல் போட்டிகளில் முன்னணியில் இருப்பவர்கள் பெரும்பாலும் இந்த வழியையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

இதற்குப் பிறகும் கையுறை வேண்டும் என்று முடிவு செய்பவர், விரல்நுனியில் மிஞ்சி நிற்கும் துணியைத்தான் எல்லாவற்றுக்கும் முன் கவனிக்க வேண்டும். கையுறையின் ஆள்காட்டி விரல் உண்மை விரலைவிடச் சில மில்லிமீட்டர் நீளமாக இருந்தால், அந்த மிச்சத் துணி விசை வளையத்துக்குள் நுழையும்போது மடங்கி, விரலின் சதைப்பகுதிக்கும் விசைக்கும் நடுவே ஒரு திரளாக நிற்கும். அப்போது சுடுபவர் விசையைத் தொட்டதாக உணர்வதற்கு முன்பே விசை நகரத் தொடங்கியிருக்கலாம். சுட்ட பின் விசை முன்னே திரும்பி மீண்டும் சுடத் தயாராகும் அந்தச் சிறு நகர்வையும் இதே துணி மறைத்துவிடும். விசைக்கும் வளையத்துக்கும் இடையே நெருக்கமான இடமே உள்ள ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ஜே-ஃபிரேம் போன்ற சிறு ரிவால்வர்களில், மடிந்த துணி விசை முழுமையாகத் திரும்புவதையே தடுத்துவிடக்கூடும். உறை அணிந்த கையையும் எண்ணிப் பெரிய விசை வளையத்துடன் 1993-இல் வந்த ஹெக்லர் அண்டு கோக் யூஎஸ்பி போன்ற பிஸ்டல்கள், இந்த விஷயத்தில் தாராளமானவை. ஆக, கையுறை பொருந்துமா என்ற கேள்வியைக் கைக்கு மட்டுமல்லாமல் துப்பாக்கிக்கும் சேர்த்தே கேட்க வேண்டும். துப்பாக்கியை இடுப்பு உறைக்குள் திரும்பச் செருகும் கணம் இன்னும் முக்கியமானது. விரலை வெளியே எடுத்துவிட்டதாக நினைத்தாலும், தொளதொளத்த நுனியோ மணிக்கட்டுப் பட்டையோ வளையத்துக்குள் சிக்கி, செருகும் வேகத்தில் விசையை அழுத்திவிட முடியும். இடுப்புப் பக்கமாகக் குண்டு பாயும் விபத்து அது. எனவே கையுறை அணிந்தவர் துப்பாக்கியை மெதுவாக, கண்ணால் பார்த்தபடியே செருக வேண்டும்.

மிதமான வானிலையில் சுடுபவருக்கு உண்மையான போட்டி, மெல்லிய செயற்கைத் துணி உறைக்கும் மெல்லிய தோல் உறைக்கும் இடையேதான். மெக்கானிக்ஸ் வேர் நிறுவனத்தின் 0.5 மி.மீ. வகை முன்னதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் உள்ளங்கைப் பகுதி பெயருக்கேற்ப அரை மில்லிமீட்டர் கனமுள்ள செயற்கை மென்தோல். அதனால் மேகசினை (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) விடுவிக்கும் பொத்தானின் விளிம்பைக்கூட விரல் உணரும். ஆட்டுத்தோலை அதே அளவுக்கு மெல்லியதாகச் சீவினாலும் எளிதில் கிழிவதில்லை. அதன் இழை அவ்வளவு இறுக்கமானது. ஆம்பூர், ராணிப்பேட்டை, திண்டுக்கல் பக்கத்துப் பதனிடும் தொழிலை அறிந்தவர்களுக்கு இந்தக் குணம் புதிதல்ல. குரோமில் பதனிட்ட ஆட்டுத்தோல் ஆவாரம்பட்டையில் பதனிட்டதைவிட மென்மையாக வளையும் என்பதும், கையுறைக்கு முன்னதே ஏற்றது என்பதும் அவர்களுக்குத் தெரியும். மான்தோல் இதைவிட மென்மையானது, நனைந்து காய்ந்த பின்னும் விறைத்துப் போவதில்லை. ஆனால் காலப்போக்கில் நெகிழ்ந்து நீளும். கொஞ்ச நாளில் விரல்நுனியில் அந்த மிச்சம் மீண்டும் தோன்றிவிடும் என்பதால் மான்தோலைச் சற்றே இறுக்கமான அளவில் வாங்குவது நல்லது. மாட்டுத்தோல் கைத்துப்பாக்கிக்கு வேண்டாம். கனம் அதிகம், நனைந்தால் பலகையாகிவிடும்.

பிடிமானத்தில் தோல் ஒரு படி மேலே நிற்கிறது என்பது என் கருத்து. கையின் வடிவத்துக்குப் படிந்த ஆட்டுத்தோல், பிடியின் கட்டங்களைக் கவ்விக்கொள்ளும் விதம் செயற்கைத் துணியில் கிடைப்பதில்லை. அப்படியிருந்தும் பெரும்பாலானவர்களுக்கு நான் செயற்கைத் துணியையே பரிந்துரைப்பேன். அதைத் துவைக்க முடியும் என்பதே காரணம். பெரும்பாலான தோட்டாக்களின் அடியிலுள்ள பற்றவைப்பானான பிரைமரில் ஈயச் சேர்மம் இருக்கிறது, குண்டிலும் ஈயம் இருக்கிறது. சுடும்போது எழும் புகையின் படிவு கையுறையில்தான் தங்குகிறது. தோல் உறையை இயந்திரத்தில் போட்டுத் துவைக்க முடியாது. மாதக்கணக்கில் சேர்ந்த ஈயத்தோடு அது காரிலும் வீட்டிலும் கிடக்கும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த ஒரு காரணமே தீர்ப்பை மாற்றப் போதுமானது. துவைக்கும்போதும் குடும்பத் துணிகளோடு கலக்காமல் தனியாகப் போட வேண்டும்.

விரல்நுனி இல்லாத அரைக் கையுறைக்கு ஆதரவாளர்கள் அதிகம். விசையின் உணர்வு முழுமையாக இருக்கும், மேகசினில் தோட்டா ஏற்றுவதும் சிரமமில்லை, ஸ்லைடு கீறும் சதையும் மூடியிருக்கும். சூடான பருவத்தில் ரிவால்வர் சுடுபவருக்கு இது நல்ல தேர்வு. ஆனால் விரல் வெட்டப்பட்ட விளிம்பு எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். நடுக்கணுவின் மேலேயே தடித்த மடிப்பாக முடிந்தால், பிடியைச் சுற்றும் மூன்று விரல்களிலும் அந்த மடிப்பு அழுந்தி வலிக்கும். முழுக் கையுறையில் ஆள்காட்டி விரலின் நுனியை மட்டும் வெட்டிக்கொள்வோரும் உண்டு. தோலில் அது சரிவரும், பின்னல் துணியிலோ விளிம்பு பிரிந்து நூல் தொங்கும். விசை வளையத்துக்குள் தொங்கும் நூலை யாரும் அனுமதிக்கக் கூடாது.

ஜெல்லும் திண்டும் பொதிந்த உறைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 9 மி.மீ. பிஸ்டலுக்கு அவை தேவையற்றவை. பிடியின் சுற்றளவைக் கூட்டி, விரல் விசையை எட்டும் தூரத்தையும் கூட்டிவிடுகின்றன. சிறிய கைகளுக்கு இது பெரிய இழப்பு. .44 மேக்னம் போன்ற கனத்த தோட்டாக்களுக்கு மட்டும் அவற்றுக்கு இடமுண்டு. ரூகர் சூப்பர் பிளாக்ஹாக் ரிவால்வரில் பின்னுதைப்பின்போது பிடி கைக்குள் மேல்நோக்கி உருளும். விசை வளையத்தின் பின்பக்கம் நடுவிரலின் கணுவில் வந்து இடிக்கும். அந்தக் கணுவின் மேல் மெல்லிய திண்டு உள்ள தோல் உறை அங்கே உண்மையாகவே உதவுகிறது. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ரிவால்வரின் தோட்டா உருளைக்கும் குழலுக்கும் இடையேயுள்ள இடைவெளியிலிருந்து பக்கவாட்டில் பீறிடும் கொதிவாயுவை எந்தக் கையுறையும் தடுக்காது. .500 ஸ்மித் அண்டு வெஸ்ஸன் மேக்னம் போன்றவற்றில் அந்த வாயு கட்டைவிரலையே சிதைக்க வல்லது. உறை போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் துணைக்கையின் விரலை அந்த இடைவெளியின் அருகே கொண்டுபோகக் கூடாது.

குளிர்காலம்தான் கையுறையை விருப்பத்திலிருந்து தேவைக்கு மாற்றுகிறது. மினசோட்டா, மிச்சிகன் போன்ற மாநிலங்களில் சனவரி மாதத் திறந்தவெளிச் சுடுதளத்தில் வெறுங்கை சில நிமிடங்களிலேயே மரத்துவிடும். மரத்த விரல் தடித்த உறையை விட மோசமானது, ஏனெனில் விசையில் இருக்கிறோமா இல்லையா என்பதே அதற்குத் தெரியாது. ஆனால் பனிச்சறுக்கு உறை அணிந்து சுடுவது அதற்கு மருந்தாகாது. பஞ்சு பொதிந்த விரல் வளையத்துக்குள் நுழையும்போதே விசையை அழுத்திவிடும். தடித்த கட்டைவிரல் தெரியாமலே ஸ்லைடு நிறுத்தியின் மேல் கிடந்து, மேகசின் காலியான பின்னும் ஸ்லைடு திறந்து நிற்காதபடி செய்துவிடும். காப்பு அதிகமுள்ள ஒரே கையுறையைவிட இரண்டு அடுக்கு முறையே மேல் என்பது என் உறுதியான கருத்து. கீழே விரல்களை ஒட்டிய மெல்லிய உறை, மேலே விரல் பிரிக்காத தடித்த உறை, அதற்குள் ஒரு சூட்டுப் பொட்டலம். சுடும் நேரத்தில் மட்டும் மேலுறையைக் கழற்றிவிட்டு, சுட்டு முடித்துத் துப்பாக்கியைக் காலிசெய்து வைத்த பின் மீண்டும் அணிந்துகொள்ளலாம். கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருக்கும், ஆனால் விசையில் எப்போதும் மெல்லிய உறை மட்டுமே படும்.

நோமெக்ஸ் உறைகள் தீயிலிருந்து காக்கவே உருவானவை. நைலான் உருகித் தோலில் ஒட்டும். நோமெக்ஸ் உருகாமல் கருகும். வாகனத்திலோ விமானத்திலோ பணிபுரியும் படைவீரருக்கு அது இன்றியமையாதது. மற்றவர்களுக்கு அதன் மெல்லிய தோல் உள்ளங்கைதான் ஈர்ப்பு. விரல் நீளம் பொருந்தினால் வாங்கலாம். துப்பாக்கியைச் சுத்தம் செய்யும்போது இவை எதுவும் வேண்டாம். ஒருமுறை அணிந்து எறியும் நைட்ரைல் உறை போதும். பெட்ரோலியக் கரைப்பான்கள் பட்டால் லேட்டக்ஸ் இளகிவிடும், நைட்ரைல் தாங்கும்.

வாங்கும் முன் கணுக்களுக்குச் சற்றுக் கீழே, கட்டைவிரலை விட்டுவிட்டு, உள்ளங்கையின் சுற்றளவை நாடாவால் அளந்து நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். ஒரு நிறுவனத்தின் நடுத்தர அளவு இன்னொன்றில் பெரியதாக இருக்கும். சுற்றளவு பொருந்தினாலும் விரல் நீளம் பொருந்தாமல் போகலாம் என்பதால், கையை நீட்டி ஆள்காட்டி விரலின் நுனியைக் கிள்ளிப் பார்ப்பது அவசியம். கிள்ள ஏதும் அகப்படக் கூடாது. நுனித் தையல் விரலின் சதைப்பகுதிக்கு நேராக ஓடுகிறதா, பக்கவாட்டில் ஒதுங்கியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நேராக ஓடினால் அந்தத் தையலே விசையில் அழுந்தும்.

பிறகு வீட்டில், மேகசினை எடுத்துவிட்டு, துப்பாக்கியின் தோட்டா அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி ஒவ்வொரு செயலையும் செய்து பார்க்க வேண்டும். விசையை அழுத்தி விடும்போது அது திரும்பும் புள்ளி உணரப்படுகிறதா, மேகசின் பொத்தானைப் பிடியை மாற்றாமல் எட்ட முடிகிறதா, ஸ்லைடை இழுக்கும்போது உள்ளங்கைத் துணி இடுக்கில் சிக்குகிறதா என்பவை அந்தச் சோதனையில் தெரிந்துவிடும். வெடிமருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றை வழவழப்பான மேசையில் வைத்து, உறையோடு எடுத்து மேகசினில் ஏற்றிப் பார்ப்பது இவற்றில் கடினமானது. இரண்டு முயற்சிக்குள் எடுக்க முடியாத கையுறையை நான் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்வேன். தேறிய உறையையும் ஆள்காட்டி விரல் தையல் பிரியத் தொடங்கும் நாள்வரை மட்டுமே பயன்படுத்த வேண்டும்; தைத்துப் போட்டால் தையல் தடிப்பு விசைக்கும் விரலுக்கும் இடையே வந்து நிற்கும்.