தொடருமாம்!

கட்டாரில் இருக்கும் கூட்டாளி ஒருவன் வட்ஸ்அப்பில் கேட்டிருந்தான்: "மச்சான், நம்மட ஊர்ப் பொட்காஸ்ட் எப்படி? மாதாமாதம் கொஞ்சம் காசு அனுப்பலாமாடா?" பெயரை எழுதவில்லை. மட்டக்களப்பில் இதையெல்லாம் கேட்கிறவர்களுக்கு விளங்கும்.

தொடக்கத்தில் தண்ணீர்ச் சத்தத்தோடு வரும், மட்டக்களப்பு 'மீன்பாடும் தேன்நாடு' என்கிற புராணத்தைத் தள்ளிவிட்டால் நல்ல நிகழ்ச்சிதான். 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்த பிறகு, 2025 மே 6 தேர்தல் வரைக்கும், வடிகான் அடைத்தால் போய்ச் சண்டை பிடிக்க ஒரு வட்டார உறுப்பினர்கூட இல்லை. அந்த நாட்களில் திருப்பெருந்துறைக் குப்பையையும் ரோட்டில் படுத்திருக்கும் மாடுகளையும் இவர்கள் விடாமல் பேசினார்கள்.

எனக்குப் பிடித்தது 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் பற்றி வந்த பகுதி. பாலமீன்மடுவில் மண்திட்டை வெட்டிவிட்டால் வாவித் தண்ணீர் கடலுக்கு ஓடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்போது வெட்டுவது என்பதில்தான் தகராறு. வாவிக்கு மேற்கே படுவான்கரை விவசாயி ஒருவரையும் வாவியில் வலை போடுகிற ஒருவரையும் ஒரே மேசையில் இருத்தியிருந்தார்கள். வேளாண்மை தண்ணிக்குள் கிடந்து அழுகுது, மண் வெட்டுகிற பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவர ஏன் இவ்வளவு சுணக்கம் என்று அவர் கேட்க, "வெட்டினா மீனும் றாலும் கடலுக்குப் போயிரும், மறுகா நாங்க என்னத்தைப் பிடிக்கிற?" என்றார் இவர். நடத்துகிற தம்பி குறுக்கே விழாமல் இருவரையும் பேசவிட்டார். மேலே ஃபேன் கடகடவென்று சுற்றுகிறது, யாரோ தேத்தண்ணிக் கோப்பையை வைக்கிறார்கள். ஒரு வார்த்தையையும் நான் தவறவிடவில்லை.

சரி, தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தால் வெட்டுவது, அதை யார் தீர்மானிப்பது? கேள்வி சரியாக அங்கே வந்து நின்றதும், "அடுத்த பாகத்தில் அதிகாரிகளிடமே கேட்போம்" என்று முடித்தார்கள். அடுத்த பாகம் வரவே இல்லை. அடுத்த வாரம் கல்லடியில் திறந்த ஒரு சாப்பாட்டுக் கடை!

எனக்கு எரிச்சல் இதில்தான். மயிலத்தமடு மேய்ச்சல் தரைக்காகச் சித்தாண்டியில் மாட்டுப் பண்ணையாளர்கள் போராட்டம் நடத்தி உட்கார்ந்திருந்த இடத்துக்கே போய்ப் பதிவு செய்தார்கள், அதற்கும் "தொடரும்". தேர்தல் முடிந்ததும் புது உறுப்பினர்களைக் கூப்பிட்டு வாக்குறுதியெல்லாம் வாங்கினார்கள். ஆறு மாதத்தில் திரும்பக் கூப்பிட்டுக் கேட்பதாகச் சொன்னார்கள். யாரைக் கூப்பிட்டார்கள்? பின்னூட்டத்தில் கேட்டேன். கும்பிடுகிற கை ஒன்று பதிலாக வந்தது.

சம்பளம் இல்லாமல், வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து செய்கிறார்கள், தெரியும். ஓர் அதிகாரியை மைக் முன்னால் இருத்துவதும் லேசான காரியமில்லை. "கேட்டோம், வர மறுத்துவிட்டார்கள்" என்று ஒரு வரி சொன்னாலே எனக்குப் போதும். அதைச் சொல்வதற்கு என்ன செலவு?

ஊரைப் பற்றி இதைவிட நன்றாகப் பேசுகிற நிகழ்ச்சி வேறொன்றை நான் இங்கே கேட்டதில்லை. ஆனாலும் கூட்டாளிக்கு இப்படித்தான் பதில் போட்டேன்: "முகத்துவாரப் பகுதியைக் கட்டாயம் கேள். காசு மட்டும் இப்போதைக்கு அனுப்பாதே. ரெண்டாம் பாகம் வரட்டும்."