பலப்பமும் கட்டைவிரலும்: தொடுதிரையில் கேம் ஆடிய 17 வருடம்

என்னிடம் இருக்கும் நின்டெண்டோ டிஎஸ் லைட்டை, மேலும் கீழுமாக இரண்டு திரை உள்ள கையடக்க கேம் கருவியை, 2008-ல் சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா வாங்கிவந்தார். அப்போது பத்தாம் வகுப்பு. பப்ளிக் எக்ஸாம் முடியும்வரை அம்மா அதை பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தது தனிக்கதை. பிறகு சோனியின் பிஎஸ் வீட்டா வந்தது, நின்டெண்டோவின் ஸ்விட்ச் வந்தது, நடுவில் நாலைந்து போன்கள். எல்லாவற்றிலும் தொடுதிரை உண்டு. ஆனாலும் திரையைத் தொட்டு ஆட வேண்டும் என்று தோன்றினால் இன்றும் கை அந்தப் பழைய டிஎஸ்ஸைத்தான் தேடுகிறது. வெறும் பழைய பாசம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிஎஸ்ஸின் கீழ்த்திரை ரெசிஸ்டிவ் வகை. மேலே வளைந்துகொடுக்கும் ஒரு படலம், அடியில் இன்னொரு அடுக்கு, நடுவில் மயிரிழை இடைவெளி. அழுத்தினால் இரண்டும் ஒட்டும். ஒட்டிய இடம் எது என்பதை மின்னழுத்தத்தை வைத்துக் கருவி கண்டுபிடிக்கும். அழுத்துவது ஸ்டைலஸ் எனும் கூர்நுனிக் குச்சியா, நகமா, ரீஃபில் தீர்ந்த பேனாவா என்ற கவலை அதற்கில்லை. ஒரே நேரத்தில் ஒரு புள்ளிதான் அதற்குத் தெரியும். 2007-ல் ஐபோன் வந்து, விரல் படுவதால் மின்புலத்தில் வரும் மாற்றத்தை உணரும் கெபாசிட்டிவ் திரை பரவியதும், இதைப் பழைய சரக்கு என்று ஓரங்கட்டிவிட்டார்கள். போனுக்கு அது சரி. கேமுக்குக் கூர்மையான நுனி வேண்டும். 256-க்கு 192 புள்ளிகள் மட்டுமே உள்ள, மூன்று அங்குலத்தைச் சற்றே தாண்டும் திரையில் ஸ்டைலஸ் நுனி நினைத்த இடத்தில் போய் உட்காரும். விரலை வைத்தால் பாதிப் படம் மறைந்துவிடும்.

இதை எனக்குப் புரியவைத்தது எட்ரியன் ஒடிசி என்ற டிஎஸ் கேம். அட்லஸ் நிறுவனம் 2007-ல் வெளியிட்டது. மேல்திரையில் புதிர்ப்பாதை தெரியும். கீழ்த்திரையில் வெறும் கட்டம் போட்ட தாள். நடந்துபோகும் வழியை நாமே ஸ்டைலஸால் வரைந்துகொள்ள வேண்டும்: இங்கே சுவர், இங்கே கதவு, இங்கே படிக்கட்டு, இந்த மூலையில் பெரிய மிருகம் ஒன்று சுற்றுகிறது. சிலேட்டில் பலப்பம் பிடித்த கைக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டியதில்லை. வரைகிற கை கீழே இருக்கிறது, பார்க்கிற காட்சி மேலே இருக்கிறது. கை கண்ணை மறைப்பதில்லை. டிஎஸ்ஸின் மொத்தச் சூட்சுமமும் எனக்கு அங்கேதான் பிடிபட்டது. தொடுதிரையை மட்டும் வைத்து அதைப் புகழ்கிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். தொடாத திரை ஒன்று பக்கத்தில் இருந்ததுதான் மறுபாதி. 15 கோடிக்கும் மேல் விற்ற கருவி அது. அந்த ஏற்பாட்டை அதற்கடுத்து வந்த 3டிஎஸ்ஸோடு ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டால் பதிலும் இருக்கிறது.

பதில் ஸ்விட்ச்தான். 2017-ல் வந்த அந்தக் கருவியைக் கையிலும் வைத்து ஆடலாம், டாக்கில் செருகி டிவியிலும் ஆடலாம். டாக்கில் போனபிறகு திரையை எங்கே தொடுவது? அதனால் தொடுதலை நம்பி ஒரு கேமைக் கட்டவே பெரும்பாலோர் தயங்கினார்கள். என்னுடைய ஸ்விட்சில் திரையைத் தொடுவது பாஸ்வேர்டு அடிக்கத்தான். விதிவிலக்கு, மாரியோ ஓடும் களங்களை நாமே கட்டும் சூப்பர் மாரியோ மேக்கர் 2. கையில் வைத்துக்கொண்டு செங்கல்லை விரலால் இழுத்து வைக்கும்போது மட்டும் பழைய சுகம் திரும்பிவரும். எட்ரியன் ஒடிசியும் 2023-ல் ஸ்விட்சுக்கு வந்தது. அதில் வரைபடம் அதே திரையின் ஓரத்தில் ஒதுங்கிவிட்டது. வேலை நடக்கிறது. சிலேட்டு போய்விட்டது.

வீட்டாவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முன்னால் ஐந்து அங்குல ஓஎல்இடி தொடுதிரை, முதுகிலும் ஒரு தொடுபலகை. டியர்அவே என்ற 2013-ம் வருடத்துக் கேமில் முதுகைத் தொட்டால் நம் விரல் காகித உலகத்தைக் கிழித்துக்கொண்டு மேலே வரும். அந்த ஒரு கேமுக்காகவே முதுகுப்பலகையை மன்னிக்கலாம். மற்றபடி கண்ணுக்குத் தெரியாத இடத்தைத் தொடச் சொல்வது எனக்கு ஒத்துவரவில்லை.

போன் வேறு உலகம். பட்டனின் பலம், விரல் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரிவது. கண்ணாடியில் வரைந்த பட்டனுக்கு மேடும் இல்லை, விளிம்பும் இல்லை. ஆட்டம் சூடுபிடிக்கையில் கட்டைவிரல் மெல்ல நகர்ந்து, ஓடவேண்டியவன் நின்றுவிடுவான். அக்கா மகன் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவதைப் பார்த்தபிறகுதான் இதற்கும் மாற்றுவழி இருப்பது தெரிந்தது. இரண்டு ஆள்காட்டி விரல்களையும் மேலிருந்து நண்டுக்கால் மாதிரி மடக்கி வைத்து நாலு விரலால் ஆடுகிறான். குறிபார்ப்பதைத் திரையிடம் விடாமல் போன் சாய்வதை உணரும் ஜைரோவிடம் கொடுத்துவிட்டான். போனை லேசாகச் சாய்த்தால் துப்பாக்கி திரும்புகிறது. சென்னை மே மாதத்தில் வியர்வை பட்டு விரல் கண்ணாடியில் இழுக்கும், அதற்குக் கட்டைவிரலில் துணி உறை. அது கிடைக்காதபோது கேரம்போர்டு பவுடர். தாத்தா காலத்து வைத்தியம்தான்.

டிஎஸ்ஸுக்கு வியர்வைப் பிரச்சினை கிடையாது. தேய்மானம் உண்டு. செல்டா வரிசையின் ஃபேன்டம் ஹவர்கிளாஸ் கேமில் நாயகனைச் சுற்றி வட்டம் போட்டால் வாளைச் சுழற்றுவான். நான் போட்ட வட்டங்களில் திரையின் நடுப்பகுதி மங்கியே போனது. ஸ்கிரீன் கார்டு ஒட்டாதது என் தப்பு. ரிச்சி தெருவில் ஒரு கடையில் டச் பேனலை மாற்றி, செட்டிங்ஸில் போய்க் காலிபரேஷன் செய்த பிறகு சரியாகிவிட்டது. பழைய டிஎஸ் வாங்குகிறவர்கள் முதலில் நாலு மூலையிலும் கோடு இழுத்துப் பாருங்கள். கோடு தள்ளி விழுந்தால் காலிபரேஷன் செய்துவிட்டு மறுபடி இழுங்கள். அப்போதும் தள்ளியே விழுந்தால் பேனல் மாற்றும் செலவைக் கழித்துப் பேரம் பேசுங்கள். ஸ்டைலஸ் கூட வரவில்லையென்றால் பரவாயில்லை. நான் இதுவரை ஆறு தொலைத்திருக்கிறேன்.

போன லீவுக்கு வந்த அக்கா மகன் டிஎஸ்ஸை எடுத்தான். போனில் தள்ளுவது மாதிரி கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தான், நகரவில்லை. நகத்தால் சுரண்டினான். அப்புறம், "மாமா, இதோட குச்சி எங்க?" என்று வந்து நின்றான். ஒரு வாரம் எட்ரியன் ஒடிசியைக் கீழே வைக்கவில்லை. அவன் ஊருக்குப் போனபிறகு நான் விட்ட இடத்திலிருந்து ஆடப்போனால், மூன்றாம் தளத்தில் கதவு இருக்கவேண்டிய இடத்தில் சுவர் போட்டு வைத்திருக்கிறான். அதைக் கண்டுபிடிக்க எனக்கு இருபது நிமிடம் ஆயிற்று.