அடிப்பிடிக்காத எவர்சில்வர் எது? ஒற்றைத் தகடு, சாண்ட்விச் அடி, ட்ரைப்ளை

அண்ணன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம், மயிலாடுதுறையில் தனிக்குடித்தனம். சீர்ப் பாத்திரம் பார்க்க அவளையும் கூட்டிக்கொண்டு கும்பகோணம் போயிருந்தேன். கும்பேஸ்வரர் கோயில் பக்கத்துக் கடை ஒன்றில் அரை மணி நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அத்தை, எல்லாமே எவர்சில்வர்தானே? இதை எடை போட்டுத் தர்றாங்க. அந்த ஒரு கடாய்க்கு மட்டும் இவ்வளவு விலை சொல்றாங்க. அப்படி என்ன இருக்கு அதுல?"

கடையில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. ஒற்றைத் தகடு, அடியில் மட்டும் கனத்த தட்டு வைத்த சாண்ட்விச் அடி, முழுக்க மூன்று அடுக்கான ட்ரைப்ளை என என் வீட்டில் மூன்று விதமும் இருக்கின்றன. ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்து, மறுநாள் காலையில் மூன்றிலும் அரை லிட்டர் பால் ஊற்றி, ஒரே பர்னரில், ஒரே தீயில், கிளறாமல் ஒன்றன்பின் ஒன்றாகக் காய்ச்சிக் காட்டினேன்.

காய்ந்த பாலை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு அடியைப் பார்த்தோம். ஒற்றைத் தகட்டுப் பாத்திரத்தில் பர்னரின் வளையம் அச்செடுத்த மாதிரி பழுப்பாகப் பதிந்திருந்தது. நடுவில் ஒன்றுமில்லை, தீ பட்ட இடம் மட்டும் கருகியிருந்தது. சாண்ட்விச் அடியில் நடுப்பகுதி சுத்தமாக இருந்தது. ஆனால் அடித்தகடு முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் இடத்தில் சுற்றிலும் மெல்லிய பழுப்புக் கோடு. ட்ரைப்ளையில் ஆடை போல ஒரு படலம் இருந்தது, விரலால் தள்ளியதும் வந்துவிட்டது.

காரணம் எளிது. எவர்சில்வர் சூட்டைக் கடத்துவதில் மந்தம். அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் நன்றாகக் கடத்தும். ஒற்றைத் தகட்டில் தீ படும் இடத்துச் சூடு பக்கத்துக்குப் பரவாமல் அங்கேயே நிற்கிறது. அதனால் சாண்ட்விச் பாத்திரத்தில் அடியில் மட்டும் ஓர் அலுமினியத் தட்டை வைத்து எவர்சில்வரால் மூடுகிறார்கள். ட்ரைப்ளையில் அந்த அலுமினியம் அடியிலிருந்து விளிம்புவரை முழுக்க ஓடுகிறது. 304, 430 என்பவை எவர்சில்வர் வகைகளின் நம்பர்கள். உள்ளே சாப்பாடு படும் பக்கம் 304, நடுவே அலுமினியம், வெளியே இண்டக்‌ஷனில் வேலை செய்யக் காந்தம் பிடிக்கும் 430.

அப்படியானால் எல்லாவற்றையும் ட்ரைப்ளையாக வாங்கிவிடலாமா என்றாள். வேண்டாம் என்றேன். பாத்திரத்தில் தண்ணீர் தாராளமாக இருக்கும்வரை அது 100 டிகிரியில் கொதித்துப் புரண்டு சூட்டைத் தானே சுமந்து போகும். நம் வீடுகளில் பொன்னி அரிசியை உலை வைத்து வடிக்கிறோம். அதற்கு ஒற்றைத் தகடே போதும், சொல்லப்போனால் அதுதான் நல்லது. கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி வடிக்க இரண்டு கையாலும் தூக்கிச் சாய்க்க வேண்டிய பாத்திரம் கனமாக இருக்கக் கூடாது. விளிம்பு அகலமாக, மூடி அழுந்தி உட்கார்ந்தால் சரி. ரசம், காய் வேகவைப்பது, வெந்நீர் இதற்கெல்லாமும் கனத்த பாத்திரத்துக்குக் காசு கொடுப்பது வீண்.

தண்ணீர் வற்றிக் கெட்டியாகும் இடத்தில்தான் கதை மாறுகிறது. திருவையாற்று அசோகா அல்வா கிளறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெந்த பாசிப்பருப்பும் கோதுமை மாவும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்து இறுகும்போது ஒரு நிமிஷம் கை ஓய்ந்தாலும் அடிப்பிடித்துவிடும். ஒற்றைத் தகட்டில் அந்தத் தீய்ந்த வாசனை முழு அல்வாவிலும் ஏறிவிடும். ட்ரைப்ளை கடாயில் நான் கிளறியதில் பக்கச்சுவரிலும் ஒரே சூடு, நெய் சுற்றிலும் சீராகப் பிரிந்து வந்தது. பொரியல், வதக்கல், சர்க்கரைப் பொங்கல், சுண்டக் காய்ச்சும் வத்தக் குழம்பு எல்லாம் இந்தப் பக்கம்தான்.

ஒட்டுகிறது என்று ட்ரைப்ளையைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் சூடேறுமுன் எண்ணெய் ஊற்றுகிறவர்கள். காலிக் கடாயை மிதமான தீயில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உஸ்ஸென்று ஆவியானால் இன்னும் சூடு போதாது. முத்துப் போல உருண்டு ஓடினால் தீயைக் குறைத்து எண்ணெய் ஊற்றலாம். பெருந்தீ இதற்குத் தேவையே இல்லை.

சாண்ட்விச் அடிக்கு நான் கொடுக்கும் இடம் பால் பாத்திரமும் பாயசப் பாத்திரமும். திரவம் தட்டுக்கு மேலே நிற்பதால் அது நன்றாகவே வேலை செய்கிறது, விலையும் ட்ரைப்ளையைவிடக் குறைவு. தீ மட்டும் அடித்தகட்டுக்கு வெளியே வரக் கூடாது. எனக்கு ஒரு பால் பாத்திரம் போயிருக்கிறது. அடுப்பில் வைத்து மறந்து, பால் வற்றி வெறும் பாத்திரமாகக் காய்ந்தது. ஆறிய பிறகு பார்த்தால் அடித்தகடு ஒரு பக்கம் விலகி உப்பியிருந்தது. அதோடு அதன் ஆயுள் முடிந்தது. அடியில் செம்பு நிறம் பூசி வருபவை இதிலிருந்து வேறு. அந்தச் செம்பு பெரும்பாலும் மெல்லிய பூச்சுதான், சமையலில் பெரிய வித்தியாசம் தெரியாது.

பாட்டி காலத்து ஈயம் (வெள்ளீயம்) பூசிய பித்தளையும் இந்தப் போட்டியில் நிற்கக்கூடியதே. பித்தளை சூட்டை எவர்சில்வரைவிட எத்தனையோ நன்றாகப் பரப்பும். ஆனால் பூச்சு தேய்ந்ததும் புளி படக் கூடாது. ஈயம் பூசுகிறவர் எங்கள் தெருப் பக்கம் வந்து பல வருஷம் ஆகிறது.

இனி நம்பர். கடையில் காந்தத்தை ஒட்டிக் காட்டி, "பாருங்க, ஒட்டல, ஒரிஜினல் 304" என்பார்கள். 202-லும் காந்தம் ஒட்டாது. 304-ல் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8 சதவீதம். 202-ல் நிக்கலை 4 முதல் 6 சதவீதமாகக் குறைத்து, அந்த இடத்தில் மாங்கனீஸைச் சேர்க்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய இரும்புக் கடைக்காரர்கள் ஒரு சோதனைத் திரவத்தைச் சொட்டிப் பேட்டரியைத் தொட வைப்பார்கள், 202 ஆக இருந்தால் சிவக்கும்.

டம்ளர், தட்டு, மாவு டப்பாவுக்கு 202 இருந்துவிட்டுப் போகட்டும். புளியும் உப்பும் சேர்ந்து கொதிக்கும் பாத்திரத்துக்கு 304-க்குக் குறைந்து வாங்காதீர்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் இதை இன்னும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். உப்பு எந்த எவர்சில்வரையும் புள்ளி புள்ளியாக அரிக்கக்கூடியது, 202 சீக்கிரம் இடம் கொடுக்கும். 304 என்றாலும் ஆறின தண்ணீரில் கல் உப்பைப் போட்டு அடியில் தங்க விடாதீர்கள். கொதித்த பிறகு போட்டுக் கலக்குங்கள். மிஞ்சிய குழம்பை இரவு முழுக்க அதிலேயே வைக்காமல் மாற்றிவிடுங்கள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பாருங்கள். எவர்சில்வர் சமையல் பாத்திரங்களுக்கான தரக்குறியீடு ஐ.எஸ். 14756. 2024-ல் மத்திய அரசு போட்ட தரக் கட்டுப்பாட்டு ஆணை அந்த முத்திரையைக் கட்டாயமாக்கியது. கைப்பிடி ரிவெட் அடித்ததா, வெறும் பற்ற வைத்ததா என்று உள்பக்கம் தடவிப் பாருங்கள். பற்ற வைத்தது சின்னப் பாத்திரத்துக்குப் பரவாயில்லை. நாலு லிட்டர் சாம்பாரைத் தூக்கும் பாத்திரத்தில் எனக்கு ரிவெட்தான் வேண்டும்.

மறுபடி கும்பகோணம் போனபோது ட்ரைப்ளையில் 24 செ.மீ. கடாய் ஒன்று, சாண்ட்விச் அடியில் பால் பாத்திரம் ஒன்று எடுத்தோம். சோறு வடிக்கவும் ரசத்துக்கும் ஒற்றைத் தகட்டில் 304 பாத்திரம் இரண்டை எடை போட்டு வாங்கினோம். ஒரே மாதிரிப் பன்னிரண்டு உருப்படி கொண்ட செட்டை வாங்கச் சொல்லிக் கடைக்காரர் கடைசிவரை கேட்டார். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பில்லில் வெறும் 'எஸ்.எஸ். பாத்திரம்' என்று எழுதியிருந்ததைக் காட்டி, "அண்ணே, இதுல 304-னு எழுதிக் கொடுங்க" என்று கேட்டாள். எழுதிக் கொடுத்தார்.