பான்டாக்கும் இருபது வரி ஷெல் ஸ்கிரிப்ட்டும்

நாற்பது கட்டுரைகள் கொண்ட சிறிய தமிழ்த் தளம் ஒன்றைத் தரவுத்தளமோ நிர்வாகப் பக்கமோ இல்லாமல், பான்டாக் என்னும் கட்டளைவரி மென்பொருளையும் இருபது வரி ஷெல் ஸ்கிரிப்ட்டையும் (கட்டளைகளை வரிசையாக இயக்கும் சிறு நிரல்) மட்டும் கொண்டு ஓராண்டாக நடத்திவருகிறேன்.

பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக இருக்கும் ஜான் மெக்ஃபார்லேன் ஹாஸ்கெல் மொழியில் எழுதி 2006-இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் பான்டாக். ஜான் க்ரூபர் 2004-இல் அறிமுகப்படுத்திய மார்க்டவுன் குறியீட்டில், வரியின் முதலில் # இட்டால் தலைப்பு, சொல்லின் இருபுறமும் * இட்டால் சாய்வெழுத்து என்ற அளவிலான எளிய குறிகளோடு எழுதிய கோப்பைக் கொடுத்தால், பான்டாக் அதை உலாவியில் திறக்கும் எச்டிஎம்எல் பக்கமாக மாற்றித் தருகிறது. கோப்புறையிலுள்ள ஒவ்வொரு கோப்பையும் எடுத்து, நான் அமைத்த வார்ப்புருவோடு சேர்த்து அதனிடம் ஒப்படைப்பது மட்டுமே என் ஸ்கிரிப்ட்டின் வேலை.

என்னைப் பான்டாக்கிலேயே நிலைக்க வைத்தவை அடிக்குறிப்புகள். வாக்கியத்தின் முடிவில் [^பதிப்பு] என்று எழுதிவிட்டு, பத்திக்குக் கீழே அதே அடையாளத்தை முக்காற்புள்ளியுடன் இட்டுக் குறிப்பை எழுதினால், பக்கத்தில் அது மேலெழுத்து எண்ணாக மாறிவிடும். குறிப்புகள் அனைத்தும் பக்கத்தின் இறுதியில் திரண்டு, ஒவ்வொன்றின் முடிவிலும் வாசித்த இடத்துக்கே திரும்பும் அம்புக்குறி அமைந்துவிடும். அடையாளத்தைத் தமிழிலேயே வைக்கலாம் என்பதும், நடுவில் புதிய குறிப்பைச் செருகினால் எண்கள் தாமாகவே வரிசைப்படும் என்பதும், பதிப்பு வேறுபாடுகளைப் பற்றி எழுதும் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. முன்பு கையால் எண்ணிட்ட காலத்தில், ஒரு குறிப்பைச் சேர்ப்பதற்கு முப்பது எண்களைத் திருத்தியிருக்கிறேன்.

பான்டாக்குக்குத் தரும் கோப்புகள் யூனிகோடின் யூடிஎஃப்-8 குறிமுறையில் இருக்க வேண்டும். ஆகவே திஸ்கி என்னும் பழைய தமிழ்க் குறிமுறையில் தட்டச்சு செய்த என் பழைய கோப்புகளை லினக்ஸில் குறிமுறை மாற்றும் ஐகான்வ் கட்டளையால் முதலில் மாற்றிக்கொண்டேன். அதன்பின் எந்தச் சிக்கலும் எழவில்லை.

புதிதாக வருபவர்கள் இடறக்கூடிய இடங்கள் இரண்டு உண்டு. பட்டியலுக்கு முன் ஒரு வெற்று வரி விடாவிட்டால், பட்டியல் முழுவதும் முந்தைய பத்தியோடு ஒட்டிக்கொள்ளும். கட்டுரையின் பெயர் போன்ற விவரங்களைக் குறிக்கும் கோப்பின் தலைப்பகுதியில், அந்தப் பெயருக்குள் முக்காற்புள்ளியும் இடைவெளியும் வந்தால், பெயரை மேற்கோள்குறிக்குள் வைத்தாக வேண்டும். இல்லையெனில் அப்பகுதியைப் படிக்க இயலாமல் பிழை காட்டும். இந்த இரண்டாவது விதியை அறியாமல் ஒரு மாலைப்பொழுது முழுவதும் வார்ப்புருவில் பிழை தேடினேன்.

பான்டாக் மாற்றித் தரும் கருவியே தவிர, தளத்தைக் கட்டித் தரும் கருவி அன்று. முகப்புப் பட்டியல், குறிச்சொற்கள், ஆர்எஸ்எஸ் ஓடை (புதிய பதிவுகளை வாசகருக்குத் தானாக அறிவிக்கும் வசதி) ஆகியவை வேண்டுமென்றால், அவற்றுக்கு வழிசெய்யும் ஜெகில், ஹியூகோ போன்ற தளம் கட்டும் கருவிகளை நாடுவதே நல்லது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் உள்ள தளத்துக்கு என் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். திருத்திய கோப்புகளை மட்டும் மீண்டும் உருவாக்க மேக் (make) என்னும் கட்டளைவரிக் கருவியைத் துணைக்கு அழைக்கலாம் என்றாலும், நாற்பது பக்கங்களுக்கு அது தேவைப்படவில்லை. முகப்புப் பக்கத்தையும் ஒரு மார்க்டவுன் கோப்பாகவே வைத்திருக்கிறேன். புதிய கட்டுரை எழுதும்போது அதில் ஒரு வரி சேர்த்துவிட்டு ஸ்கிரிப்ட்டை இயக்குகிறேன்.