கையெழுத்தா, பேரணியா?

அமெரிக்காவில் 1978இல் கலிபோர்னியாவிலும், 2009இல் 'டீ பார்ட்டி' என்ற பெயரிலும் எழுந்த இரண்டு வரி எதிர்ப்புகளில் கலிபோர்னியாவே எனக்குக் கெட்டிக்காரத்தனமாகத் தெரிகிறது. வரி எதிர்ப்பாளர்களான ஹோவர்ட் ஜார்விஸும் பால் கேனும் கையெழுத்துத் திரட்டி, முன்மொழிவு 13 என்ற சட்டத் திருத்தத்தை நேராக மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். சொத்து வரிக்கு 1 சதவீத உச்சவரம்பு. வீடு கைமாறாதவரை, வரிக்கான அதன் மதிப்பீடு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. இன்றும் அது மாநில அரசியலமைப்பில் இருக்கிறது. விற்றால் மதிப்பீடு சந்தை விலைக்கு ஏறிவிடும் என்பதால், ஒரே தெருவில், ஒரே அளவு வீடுகளுக்கு வெவ்வேறு வரி என்பது தனிக் கூத்து!

2009இல் கிளம்பிய டீ பார்ட்டி வேறு ரகம். அரசின் 787 பில்லியன் டாலர் பொருளாதார ஊக்கத் திட்டத்தை எதிர்த்து, வரிக்கணக்கின் கடைசி நாளான ஏப்ரல் 15 அன்று ஊர் ஊராகத் திரண்டார்கள். 2010 தேர்தலில் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்கள் கூடுதலாகப் பெற்றதில் அதற்குப் பங்குண்டு. 2011இல் அரசுச் செலவுக்கு உச்சவரம்பும் வந்தது. பின்னர் அமெரிக்கக் காங்கிரஸே அதைத் தளர்த்திவிட்டது.