சுங்கை சிப்புட் வீட்டுக் குளியலறை: நீள்வடிகாலும் மழைநீர்த் தொட்டியும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் கீழ்த்தளக் குளியலறையை 2019இல் உடைத்துக் கட்டினோம். சுவரோரம் எஃகு நீள்வடிகால் (நீளவாக்கில் தண்ணீரை வாங்கும் வடிகால்), அம்மாவுக்காகப் படியில்லாத வாசல், ஃப்ளஷுக்கு மழைநீர். இத்தனை வருடம் புழங்கியதில் எனக்கு உறுதியானது இதுதான்: முதலில் காசு போட வேண்டியது தரைச் சரிவுக்கு. வடிகாலின் பளபளப்பு அப்புறம்தான்.

நடுவில் வட்ட வடிகால் வைத்தால் நாலு பக்கமும் சரிக்க வேண்டும். ஓடுகளைக் குறுக்கே வெட்டி ஒட்டிய இணைப்புகளில் தண்ணீர் தேங்கும், பாசி பிடிக்கும். நீள்வடிகாலுக்கு ஒரே பக்கச் சரிவு போதும். மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வைத்தோம். ஓடு ஒட்டுவதற்கு முன் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சின் மேல் 24 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பாருங்கள். வேலைக்காரர் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள்.

அம்மா தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்தவர், ஷவர் பக்கம் போகவே மாட்டார். கடைசியில் வாளியை அப்படியே தலையில் கவிழ்ப்பார். ஷவரில் நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர் வரும். வாளியில் அது ஒரே வீச்சில் இறங்கும். வடிகால் வாங்கும்போது அதையும் தாங்குமா என்று கேளுங்கள்.

உண்மையான சோதனை தீபாவளி எண்ணெய்க் குளியல்தான். நல்லெண்ணெய், சீயக்காய்ச் சக்கை, முடி எல்லாம் சேர்ந்து களியாக இறுகிவிடும். எங்கள் வடிகாலில் உள்ள கிண்ணம் கையாலேயே கழன்று வரும், கழுவி மாட்டினால் சரி. மாடிக் குளியலறையில் ரப்பர் மடிப்பு வகை இருக்கிறது. அதில் முடி சிக்கினால் வாய் மூடாது, வாடை மேலே வரும். கீழே உள்ளது நீர் அடைப்பு வகை; அதன் கிண்ணத்தில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நின்று வாடையையும் கரப்பானையும் தடுக்கும். ஆனால் வெகுநாள் புழங்காவிட்டால் அது காய்ந்துவிடும். ஊருக்குப் போய் வந்ததும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள்.

மழைநீரில் எனக்கு முழுத் திருப்தி. ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். எங்கள் 30 சதுர மீட்டர் கூரைக்கு, 20 மில்லிமீட்டர் கொட்டும் ஒரு மாலையில் சேதாரம் போக 500 லிட்டராவது சேரும். ஃப்ளஷுக்கு 3 அல்லது 6 லிட்டர்தானே. தொட்டி வாய்க்கு வலை கட்டாயம், இல்லாவிட்டால் ஏடிஸ் கொசு குடியேறிவிடும். குழாய்த் தண்ணீர் இணைப்பையும் இதையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது.

அடுத்து மாடிக் குளியலறையை உடைத்துக் கட்டப் போகிறோம். அங்கேயும் நீர் அடைப்பு வகைதான்.