பின்னட்டையில் ‘நாவல்’ என்று போட்டிருக்கிறார்கள்

ஹாரியட் ஜேக்கப்ஸ் தன் சொந்த வாழ்க்கையை எழுதிய ‘ஓர் அடிமைப் பெண்ணின் வாழ்க்கை நிகழ்வுகள்’. ஆங்கில மலிவுப் பதிப்பை இணையத்தில் 249 ரூபாய்க்கு வாங்கினேன். பார்சல் சொன்ன நாளுக்கு முன்பே வந்துவிட்டது, அதில் குறையில்லை. எழுத்துதான் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது. அட்டையில் பருத்திக்காடு. ஹாரியட்டோ அமெரிக்காவில் வட கரோலினாவின் ஈடன்டன் என்ற சிற்றூரில் ஒரு மருத்துவரின் வீட்டில் அடிமையாக இருந்தவர். அவர் கையில் இருந்தது ஊசியும் நூலும்.

அட்டையைக்கூட விட்டுவிடலாம். பின்பக்கம் ‘மனத்தை உருக்கும் நாவல்’ என்று அச்சடித்திருக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. 1861-இல் பாஸ்டனில் முதலில் வந்தபோது அட்டையில் அவர் பெயரே இல்லை. உள்ளே தன்னை லிண்டா என்றும், தன்னைப் பிடித்துவைத்திருந்த மருத்துவர் நார்காமை ஃபிளின்ட் என்றும் மாற்றி எழுதினார். அதனால் இது பதிப்பாசிரியராக இருந்த வெள்ளைக்காரப் பெண்மணியின் கற்பனை என்றே நூறாண்டுக்கு மேல் பலரும் நம்பினார்கள். ஜீன் ஃபேகன் எல்லின் என்ற பேராசிரியை பழைய கடிதங்களைத் தேடித் துருவி, எல்லாம் நடந்தது என்று நிறுவி, 1987-இல் குறிப்புகளோடு பதிப்பித்தார். அவ்வளவு உழைப்பையும் இந்தப் பதிப்பு ஒரே சொல்லில் துடைத்துவிட்டது. குறிப்பும் கிடையாது, முன்னுரையும் கிடையாது.

நான் முப்பது ஆண்டுகளாகத் தையல்கடை வைத்திருப்பவள். ஓர் அளவைப் படித்தால் நாடாவை எடுக்காமல் கை சும்மா இருக்காது. நார்காமின் தொல்லைக்குத் தப்பி, பாட்டி வீட்டுக் கொட்டகையின் கூரைக்கடியில் ஹாரியட் ஒளிந்திருந்த இடம் 9 அடி நீளம், 7 அடி அகலம். மிக உயர்ந்த இடத்தில் 3 அடி, அங்கிருந்து சட்டென்று சரிவு. என் வெட்டு மேசையின் உயரமும் சரியாக 3 அடி. கடையை அடைத்துவிட்டுத் தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, மேசைக்கடியில் உட்கார்ந்து பார்த்தேன். தலைக்கும் பலகைக்கும் நான்கு விரல்தான் மிச்சம். ஒருக்களித்துப் படுத்தால் மறுபக்கம் திரும்ப முடியாது, கூரை இடிக்கும் என்கிறார் அவர். கால் மணி நேரத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவர் 1835 முதல் 1842 வரை, ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அதற்குள் இருந்தார்.

அங்கே கைக்குக் கிடைத்த ஒரு துறப்பணத்தால் மூன்று வரிசையாகத் துளை போட்டு, இடைவெளியையும் குடைந்து, ஓரங்குலச் சதுரத்தில் ஒரு சந்து உண்டாக்கினார். அந்த வெளிச்சத்தில் படித்தார், தைத்தார். கிறிஸ்துமஸுக்குத் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் புதுத்துணி தைத்ததைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். ஓரங்குல வெளிச்சத்தில் ஊசி கோப்பது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். தான் அடிமைமுறை இல்லாத வடக்கே போய்விட்டதுபோல நியூயார்க்கிலிருந்து கடிதம் போட வைத்த அத்தியாயமும் அபாரம். அந்தக் கடிதத்தை மருத்துவர் பாட்டியிடம் மாற்றிப் படிக்கிறார், எழுதியவரே ஒளிந்திருந்து கேட்கிறார்!

எல்லின் பதிப்பை ஒருமுறை நூலகத்தில் பார்த்திருக்கிறேன். ஹாரியட்டைப் பிடித்துத் தருபவருக்கு 100 டாலர் என்று நார்காம் 1835-இல் கொடுத்த நிஜமான பத்திரிகை விளம்பரம் அதில் உண்டு. உயரம் 5 அடி 4 அங்குலம், நல்ல தையல்காரி, நாகரிகமாக உடுத்துபவள் என்று அடையாளம் சொல்கிறது. 5 அடி 4 அங்குலம்! மேசைக்கடியில் உட்கார்ந்த பிறகு இந்த எண்ணை மறக்க முடியவில்லை. முடிந்தவர்கள் கூடுதல் காசு கொடுத்து அந்தப் பதிப்பையே வாங்குங்கள். இதற்கு இரண்டு நட்சத்திரம்தான் தருவேன், அதுவும் மூலம் விடுபடாமல் இருப்பதற்காக.

திருப்பி அனுப்பவில்லை. காக்கி அட்டை போட்டுப் பின்பக்கத்தை மறைத்து, முன்னால் லேபிள் ஒட்டி அவர் பெயரை எழுதிவைத்திருக்கிறேன்.